பள்ளி வளாகத்தில் நாலு முருங்கை மரம் வேண்டும்

அரவக்குறிச்சி வட்டாரத்து அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுத் தலைவிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

நம் ஊர் முருங்கைக்காய் மூட்டை மூட்டையாக லாரி ஏறி வெளி மாநிலங்கள் வரைக்கும் போகிறது. இலையைக் காயவைத்துப் பொடியாக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த முருங்கைக் காடுகளுக்கு நடுவில் நிற்கிற பள்ளிக்கூடத்தில், நம் பிள்ளைகளின் மதியத் தட்டில் கீரை விழுவது அரிதாக இருக்கிறது. என்னைப் போல முருங்கை வைத்துப் பிழைக்கிற ஒவ்வொருவரும் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்காகத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

2019–21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு தமிழ்நாட்டைப் பற்றிச் சொன்ன இரண்டு எண்களை உங்கள் முன் வைக்கிறேன். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையிலான பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. அந்தப் பிள்ளைகள்தான் வளர்ந்து இப்போது நம் பள்ளிகளின் முதல் வகுப்பிலும் நான்காம் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பெண்கள் யாரென்று கேட்டால், நீங்களும் நானும் நம் மருமகள்களும்தான். காலை வணக்கக் கூட்டத்தில் மயங்கி விழுகிற பெண் பிள்ளையை எல்லோரும் பார்த்திருப்போம். "காலையில சாப்பிடாம வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

இதை எதற்காக மேலாண்மைக் குழுவுக்கு எழுத வேண்டும், ஆட்சியருக்கு எழுதக் கூடாதா என்று கேட்கலாம். ஆட்சியர் மாறிப் போவார், நீங்கள் இங்கேயே இருப்பீர்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் உங்கள் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறது. அடுப்படி தெரிந்தவர்கள் நிறைந்த குழு இது. கட்டடம், கழிப்பறை, குடிநீர் பற்றி நீங்கள் தீர்மானம் போடுவதைப் பார்த்திருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றியும் அதே உரிமையோடு பேசுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

சாப்பாடு போடுவதில் தமிழ்நாட்டுக்கு நீண்ட பழக்கம் உண்டு. காமராசர் காலத்தில், 1956இல், மதிய உணவு மாநிலம் முழுவதும் பரவத் தொடங்கியது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022இல் காலைச் சிற்றுண்டியும் வந்தது. பசியோடு வகுப்பில் உட்கார்ந்திருந்த தலைமுறையைச் சேர்ந்த எனக்கு இதன் மதிப்பு தெரியும். சத்துணவுக் கூடத்துச் சமையலர் அக்காக்கள் மேல் ஒரு சொல் குறை சொல்வதும் என் நோக்கமில்லை. குறைந்த சம்பளத்தில், புகையிலும் வெக்கையிலும், நேரம் தப்பாமல் உலை வைக்கிறவர்கள் அவர்கள். நான் கேட்பதெல்லாம், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற இந்த ஏற்பாட்டுக்குள் அந்தந்த மாதம் நம் மண்ணில் விளைவதைக் கொண்டுவர வேண்டும் என்பதுதான்.

அதற்கு வழி இருக்கிறது. தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி என்பது தேசிய விதி. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அது 150, 30, 75 கிராம். அரிசியும் பருப்பும் எண்ணெயும் நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து வந்துவிடும். காய்கறியை மட்டும் சத்துணவு அமைப்பாளர் உள்ளூரில்தான் வாங்குகிறார். நாம் கை வைக்கக்கூடிய இடம் அந்த ஐம்பது கிராம். வாராந்திர உணவுப் பட்டியலில் கீரை சாதத்துக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் பள்ளியில் அது கடைசியாக எப்போது சமைக்கப்பட்டது என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். குற்றம் பிடிக்கிற குரலில் கேட்க வேண்டாம். "அக்கா, கீரை சமைக்க என்ன தடை, நாங்க என்ன செய்யட்டும்?" என்று கேளுங்கள்.

தடை என்னவென்று எனக்கு ஓரளவு தெரியும். கீரை ஆய்வதற்கு ஆள் இல்லை. நூறு பிள்ளைகளுக்கு முருங்கைக்கீரை உருவ வேண்டுமென்றால் காலை முழுவதும் அதற்கே போய்விடும். ஆனால் நம் வீட்டுப் பெரியவர்கள் இதற்கு வழி வைத்திருந்தார்கள். முதல் நாள் சாயங்காலமே கொத்துக் கொத்தாக ஒடித்து, வேட்டித் துணியில் இறுகக் கட்டி மூலையில் வைத்துவிடுவார்கள். காலையில் அவிழ்த்து உதறினால் இலை தானாக உதிர்ந்திருக்கும், காம்பை மட்டும் பொறுக்கினால் போதும். வாரத்துக்கு இரண்டு நாள், இரண்டிரண்டு தாய்மார் முறை வைத்துப் போய் ஒரு மணி நேரம் கைகொடுத்தால் சமையலர் அக்காவுக்குச் சுமை ஏறாது. முறை எழுதுகிறபோது தகப்பன்மார் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.

அடுத்த தடையைச் சொல்ல நமக்கே சங்கடமாக இருக்கும், ஆனாலும் சொல்ல வேண்டும். நம் தோட்டத்து முருங்கையிலிருந்து அப்படியே கீரை ஒடித்துப் பள்ளிக்குக் கொடுக்க முடியாது. காய்க்காக வளர்க்கிற செடிமுருங்கைக்குப் பூ உதிராமல் இருக்கவும் தேயிலைக் கொசு என்கிற பூச்சியை விரட்டவும் மருந்து அடிக்கிறோம். மருந்து பட்ட இலையைப் பிள்ளைகளுக்குப் போடக்கூடாது. கவாத்து வெட்டுகிறபோது இலை மலைபோலக் குவிந்து கிடக்கிறதே, கொண்டுபோய்க் கொடுத்துவிடலாமே என்று நல்ல மனசோடு யாராவது கிளம்பினால், கடைசியாக எப்போது மருந்து அடித்தது, என்ன மருந்து என்று கேட்டுவிட்டு மறுத்துவிடுங்கள். அதனால்தான் பள்ளி வளாகத்துக்குள்ளேயே நாலு மரம் கேட்கிறேன். மருந்தே காணாத, பிள்ளைகள் கண்ணெதிரே வளர்கிற மரம். பள்ளியில் ஊட்டச்சத்துத் தோட்டம் போடலாம் என்று மத்திய அரசே 2019இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது, யாரிடமும் புதிதாக அனுமதிக்கு அலைய வேண்டிய விஷயமில்லை.

முருங்கைக்கீரையில் என்னதான் இருக்கிறது? நூறு கிராம் இலையில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. கண்ணுக்கு வேண்டிய வைட்டமின் ஏ ஆக மாறுகிற சத்து நிறைய. புரதமும் பல கீரைகளைவிடக் கூடுதல். இரும்புச்சத்தும் உண்டு, ஆனால் இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பை உடம்பு லேசில் எடுத்துக்கொள்வதில்லை. கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ கொய்யாவோ இருந்தால் அதிலுள்ள வைட்டமின் சி அந்த இரும்பை உடம்பில் சேர்க்கிறது. எனவே கீரை சாதத்தின் மேல், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு, எலுமிச்சை பிழியச் சொல்லுங்கள். கொதிக்கிறபோது பிழிந்தால் அந்தச் சத்து குறைந்துவிடும்.

இதற்கு நேர் எதிரானது டீ. சாப்பாட்டோடு குடிக்கிற டீ இரும்பைச் சேரவிடாமல் தடுக்கிறது. நம் பக்கத்தில் விடிந்ததும் பிள்ளைக்கு ஒரு டம்ளர் டீத்தண்ணியும் ரெண்டு வர்க்கியும் கொடுத்து அனுப்புவது சாதாரணமாகிவிட்டது. காட்டு வேலைக்கு ஐந்தரைக்கே கிளம்புகிற தாய் வேறென்ன செய்வாள் என்பதும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் டீக்குப் பதில் ராத்திரியே கரைத்து வைத்த கம்பங்கூழில் மோர் ஊற்றி, நாலு சின்ன வெங்காயத்தோடு கொடுக்கலாம். ராகிக் கூழ் இன்னும் நல்லது. நூறு கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 340 மில்லிகிராமைத் தாண்டும், அதே அளவு அரிசியில் பத்து மில்லிகிராம் கிடைத்தாலே பெரிது. பெற்றோர் கூட்டத்தில் இந்த ஒரு விஷயத்தை மட்டும் அரை மணி நேரம் பேசினாலும் தகும்.

முருங்கையை முன்னால் வைத்தேனே தவிர, அதிலேயே நின்றுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. எல்லா மாதமும் உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோஸும் வாங்குவது அமைப்பாளருக்கு எளிது, சந்தையில் எப்போதும் கிடைக்கும். ஆனால் நம்முடையது மானாவாரி பூமி, ஒவ்வொரு பருவத்துக்கும் ஒன்றைக் கொடுக்கிறது. பங்குனி, சித்திரையில் முருங்கைக்காய் பறிகூலிக்குக்கூடக் கட்டாத விலைக்கு இறங்கிவிடும். அந்த நாட்களில் பள்ளிச் சாம்பாரில் வேறு காய் எதற்கு? வெயில் ஏறியதும் வெள்ளரியும் நுங்கும் நீர்மோரும். பள்ளி திறந்து ஆடிக் காற்று அடிக்கிறபோது மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றுகிறோம், கூடவே முருங்கைக்கீரைப் பொரியலும் வைக்கிறோம். சாமிக்கு முன்னால் ஒன்றாக உட்கார்ந்து குடிக்கிற அதே கூழ் மறுநாள் பள்ளியில் கேவலமாகத் தெரியக்கூடாது. ஏழைச் சாப்பாடு என்ற பெயரை அதற்கு ஒட்டியது நாம்தான், நாமே அதைப் பிய்த்தெறிய வேண்டும்.

ஐப்பசியில் நாலு மழை பெய்துவிட்டால் காட்டில் விதைக்காமலே கீரை முளைக்கும். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமுட்டிக்கீரை. இந்தப் பெயர்களை உங்கள் வீட்டு ஆத்தாவிடம் கேட்டால் எந்த வரப்பில் எது கிடைக்கும் என்று கையோடு காட்டுவார். நம் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அடையாளம் தெரியாது. அறிவியல் ஆசிரியர் ஒரு நாள் மழை விட்ட வேளையில் பிள்ளைகளோடு அந்த ஆத்தாவையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குப் போகட்டும். அவர் சொல்வதைப் பிள்ளைகள் எழுதிக்கொள்ளட்டும். பார்த்தீனியத்தையும் பண்ணைக்கீரையையும் பிரித்தறிவது ஒரு படிப்புதான். கார்த்திகை தொடங்கி அவரையும் தட்டைப்பயறும், மார்கழி, தையில் மொச்சையும் பச்சைத் துவரையும் பனங்கிழங்கும் நெல்லிக்காயும், அதன்பின் இலந்தைப்பழமும் வரும். மழைக்கும் குளிருக்கும் கொள்ளுப் பருப்பு கடைந்து போட்டால் பிள்ளைகள் தட்டை வழித்துச் சாப்பிடும். பருவத்தில் விளைகிறபோது வாங்கினால் காசும் மிச்சம், விளைவித்த பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு வரும்படி.

இனிக் கை வைத்தியம். இதைப் பற்றி எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். இரண்டு பக்கமும் தவறு நடக்கிறபடியால் எழுதுகிறேன். ஒரு பக்கம், லேசாகச் சளி பிடித்தாலே மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் மாத்திரை வாங்கிக் கொடுக்கிறோம். வைரஸால் வருகிற சாதாரண சளிக்கு அது வேலை செய்யாது. அந்தச் சளி ஒரு வாரம் பத்து நாளில் தானாக இறங்கக் கூடியது. அதுவரைக்கும் பிள்ளைக்கு வேண்டியது இதமான சாப்பாடு. நம் வீட்டில் வைக்கிற செலவு ரசத்தைவிட இதமாக எதுவும் எனக்குத் தெரியவில்லை. மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டுச் சூடாக ஒரு கிண்ணம். தொண்டை கரகரத்தால் இளஞ்சூட்டு நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பது, ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குப் படுக்கப்போகும் முன் ஒரு கரண்டி தேன், ஓமவல்லி இலை போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர். வாய்ப்புண்ணுக்கு மணத்தக்காளிக்கீரை போட்ட தேங்காய்ப்பால் சாறு. பள்ளித் தோட்டத்தில் ஓமவல்லி, துளசி, தூதுவளை, மணத்தக்காளி நாலையும் ஒரு பாத்தியில் வைத்துவிடலாம். கை கழுவுகிற தண்ணீரே அவற்றுக்குப் போதும்.

மறுபக்கத் தவறுதான் உயிருக்கு ஆபத்து. காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டியும் கஷாயத்தையே காய்ச்சிக்கொண்டிருப்பது, மழைக்காலத்தில் பிள்ளை சோர்ந்து கிடக்கிறபோதும் ரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் பப்பாளி இலைச் சாற்றை நம்பியிருப்பது, கண் மஞ்சளித்தால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டுப் பரிசோதனையே செய்யாமல் விடுவது. இவற்றை நாம் நிறுத்தியாக வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் கவனிக்க வேண்டிய நேரம். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ஒரு வயதுக்குள் இருக்கிற குழந்தைக்குத் தேன் துளிகூட நாக்கில் தடவக்கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சிளங்குழந்தையின் நரம்பையும் தசையையும் செயலிழக்கச் செய்யும். வசம்பைச் சுட்டு உரைத்து ஊற்றுவதும் வேண்டாம். தீக்காயத்தில் காப்பித்தூளோ மாவோ அப்பாமல், குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். பாம்புக்கடிக்குப் பச்சிலை தேடி ஒரு நிமிடத்தைக்கூட வீணாக்காதீர்கள்.

வயிற்றுப்போக்குக்கு மட்டும் நம் அடுப்படி உண்மையிலேயே உயிர் காக்கும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் தலைதட்டிய டீஸ்பூனால் ஆறு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. இந்த அளவு மாறக்கூடாது, உப்புக் கூடினால் கேடு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற உப்புச் சர்க்கரைப் பொட்டலமும் துத்தநாக மாத்திரையும் கிடைத்தால் அதுவே சிறந்தது. இந்த அளவை வகுப்பறைச் சுவரில் எழுதி வைக்கலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை தன் வீட்டுக் கைக்குழந்தைக்குக் கலந்து கொடுக்கும் அளவுக்குத் தெளிவாக எழுதுங்கள்.

அதேபோல, பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரை. சிறு பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு, பத்து வயதுக்கு மேல் நீலம். வயிற்றைப் பிரட்டுகிறது என்று பிள்ளைகள் ஜன்னல் வழியே வீசுவதைப் பார்த்துக்கொண்டு கீரையைப் பற்றி மட்டும் பேசுவது சரியாக இருக்காது. கீரையால் மாத்திரையின் வேலையைச் செய்ய முடியாது, ஏற்கெனவே ரத்தம் குறைந்த பிள்ளைக்கு இரண்டும் வேண்டும். சாப்பிட்ட பிறகு விழுங்கச் சொன்னால் பிரட்டல் குறையும். ஆண்டுக்கு இருமுறை கொடுக்கிற குடற்புழு மாத்திரையும் தப்பக்கூடாது. செருப்பில்லாமல் காட்டில் நடக்கிற பிள்ளைகளின் ரத்தத்தைக் கொக்கிப்புழு குடித்துக்கொண்டே இருந்தால் எத்தனை கீரை போட்டும் பலனில்லை.

பள்ளி வாசல் பெட்டிக்கடையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த தின்பண்டங்களைப் பள்ளிக்குள்ளும், பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் விற்கக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதி சொல்கிறது. அந்த விதியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்காரப் பாட்டியிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அவருக்கும் அதுதான் சோறு. அஞ்சு ரூபாய் சிப்ஸ் பொட்டலத்துக்குப் பதில் கடலை மிட்டாய், பொரியுருண்டை, அவித்த நிலக்கடலை, உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட நெல்லிக்காய், கொய்யா விற்றால் வாங்குவோம் என்று பெற்றோர் சேர்ந்து உறுதி கொடுங்கள். சரக்கு எடுக்க முதல் மாதம் கொஞ்சம் கைமாற்றும் கொடுக்கலாம். கொய்யாவில் உள்ள வைட்டமின் சி ஆரஞ்சைவிடப் பல மடங்கு என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னால், அவர்களே கேட்டு வாங்குவார்கள்.

மரத்துக்கு வருகிறேன். ஆடி, ஆவணியில் நட்டால் ஐப்பசி மழையில் நன்றாகப் பிடித்துக்கொள்ளும். செடிமுருங்கை விதை சீக்கிரம் பலன் கொடுக்கும், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி கண்டுபிடித்த பி.கே.எம்.1 நம் ஊரில் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கு மரமுருங்கைப் போத்து, அதாவது வெட்டி நடுகிற கிளைதான் நல்லது என்பது என் எண்ணம். பல வருடம் நிற்கும், கீரையும் ருசியாக இருக்கும். கைத்தடிப் பருமனுக்குக் குறையாமல் மூன்றடி நாலடி நீளத்துக்கு வெட்டி, மேல் நுனியில் சாணி அப்பி, தண்ணீர் தேங்காத இடத்தில் ஊன்ற வேண்டும். நெஞ்சு உயரத்துக்கு மேல் போகவிடாமல் ஒடித்துக்கொண்டே இருந்தால் கீரையும் கைக்கு எட்டும், பிள்ளைகளும் ஏறமாட்டார்கள். முருங்கைக் கிளை சொல்லாமல் முறியும், யாரையும் ஏற விடக்கூடாது. மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடையும். அந்த நாட்களில் மரத்தடியில் உட்கார விடாமல், சாயங்காலம் பெரியவர் யாராவது தீப்பந்தத்தால் காட்டிவிட்டால் போதும், மருந்து வேண்டாம். ஆடு வாய் வைக்காமல் முதல் ஆறு மாதம் வேலி கட்டாயம்.

இந்த மாதக் கூட்டத்தில் மூன்று தீர்மானம் போடுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள் கீரை, அதற்குக் கைகொடுக்கும் பெற்றோர் முறைப்பட்டியல். வளாகத்தில் நாலு முருங்கையும் ஒரு மூலிகைப் பாத்தியும். அந்தந்த மாதம் நம் ஊரில் விளைகிற இரண்டு காய்களைக் குழுவே அமைப்பாளரிடம் எழுதிக் கொடுப்பது. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் மருந்தே படாத மரமுருங்கை ஒன்று நிற்கிறது. எத்தனை பள்ளி கேட்டாலும் போத்து வெட்டித் தருகிறேன். வேலிக்கு முள் வெட்டிக் கட்டவும் எங்கள் தெருவில் ஆள் இருக்கிறார்கள். ஆடி பிறப்பதற்குள் சொல்லியனுப்புங்கள், கவாத்துக்கு முன்னால் நல்ல கிளையாகப் பார்த்து ஒதுக்கி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
முருங்கை விவசாயம் செய்யும் ஒரு பாட்டி,
அரவக்குறிச்சி வட்டாரம்